வாசகர் கேள்வி: கிளிப்பை வெட்டிப் போட்டுக் கிழிக்கலாமா?

கேள்வி: எம்.பி. ஒருத்தர் கூட்டத்தில பேசி முடிக்க முன்னமே 20 செக்கன் கிளிப்பை வெட்டி ஃபேஸ்புக்கில போட்டுக் கிழிக்கிறாங்களே, இது சரியா ஐயா?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: கேள்வி கேக்கத்தான் வேணும் தங்கச்சி, அவங்க எங்கட வோட்டில போனவங்க. 2022ல கரண்ட் கட்டிலயும் காஸ் கியூவிலயும் கொதிச்ச சனத்தை அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபயவை வீட்டுக்குப் போகச் சொன்ன கோட்டா கோ ஹோம் எண்ட ஹேஷ்டேக் ஒண்டாச் சேர்த்தது, ஏப்ரல் 3 சோஷியல் மீடியாவை அரசாங்கம் முடக்கியும் அடங்கல்ல, மே மாசம் பிரதமர் மஹிந்த பதவியை விட்டுட்டு எங்கட திருகோணமலை நேவி முகாமுக்கு வந்திட்டாரெண்டு செய்தி பரவ அந்த வாசல்லயே சனம் கூடிட்டுது. அந்தப் பலம் எங்களுக்கு வேணும்.

ஆனா வெட்டின கிளிப் வேற விசயம். ஃபேஸ்புக் 2017ல இருந்து கொஞ்சக் காலம் கோப இமோஜிக்கு லைக்கை விட 5 மடங்கு மதிப்புக் குடுத்தது, கோபம் கூடினா போஸ்ட் மேல வந்தது, நீங்க எதிர்த்து கமெண்ட் போட்டாலும் அதுவும் மேலதான் தள்ளும். பொம்பிளை வேட்பாளரெண்டா பேச்சை விட்டுட்டு சீலையையும் குடும்பத்தையும் இழுக்கிறாங்க, அது விமர்சனமே இல்ல, அசிங்கம்.

முழு வீடியோவையும் பாருங்க, பிழையெண்டா நல்லாக் கிழியுங்க. அதுக்காக 2024ல வந்த, ஆன்லைனில போடுறதைக் கட்டுப்படுத்திற நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் காட்டி சனத்தின்ர வாயை அடைக்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன்.