3 நோ ட்ரம்ப், இரண்டு ஃபினெஸ்: எதை எடுப்பது?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் வந்த கேள்வி இது. புதியவர்களுக்கு முதலில் சில சொற்கள்: நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றுதான் ட்ரிக். 3 நோ ட்ரம்ப் என்றால் துருப்பு ஜாதி இல்லாமல் 13 ட்ரிக்கில் 9 எடுப்பதாகச் சொல்லி ஆடுவது. டம்மி என்பது மேசையில் விரித்து வைக்கும் உங்கள் ஜோடியின் (வடக்கின்) கை. ஃபினெஸ் என்பது நம்மிடம் இல்லாத பெரிய சீட்டு ஒரு குறிப்பிட்ட எதிராளியிடம் இருக்கும் என்று நம்பி, அதைவிடச் சின்ன சீட்டால் ட்ரிக் எடுக்கப் பார்ப்பது. கேள்வி இதுதான்: "நான் தெற்கு. 3 நோ ட்ரம்ப் ஆடினேன். மேற்கு ஸ்பேட் கிங்கை இறக்கினார். ஏஸால் எடுத்து, டைமண்ட் ஏஸில் டம்மிக்குப் போய், கிளப் ஃபினெஸ் எடுத்தேன். தோற்று ஒரு ட்ரிக் குறைந்தது. டைமண்ட் ஃபினெஸ் எடுத்திருக்க வேண்டுமா? இரண்டுமே பாதிக்குப் பாதிதானே, அதிர்ஷ்டம் இல்லை என்று விட்டுவிடலாமா?"

டம்மி: ஸ்பேட் 7 3, ஹார்ட் குயின் 8 2, டைமண்ட் ஏஸ் கிங் 8 6 3, கிளப் 7 5 4.

உங்கள் கை: ஸ்பேட் ஏஸ் 6 4, ஹார்ட் ஏஸ் கிங் 5, டைமண்ட் ஜாக் 10 5, கிளப் ஏஸ் குயின் ஜாக் 2.

பிறகு தெரியவந்தது: மேற்கிடம் ஸ்பேட் கிங் குயின் ஜாக் 9 2, கூடவே கிளப் கிங். கிழக்கிடம் ஸ்பேட் 10 8 5, டைமண்ட் குயின் 9 2.

விட்டுவிடாதீர்கள். இது ஜெயிக்க வேண்டிய கை. அதுவும் எதிராளிகளின் சீட்டைப் பார்க்காமலே ஜெயிக்கலாம். தவறிய இடம் கிளப் ஃபினெஸ் என்று நினைக்கிறீர்கள். முதல் ட்ரிக்கில் ஏஸைப் போட்டபோதே ஆட்டம் கை நழுவிவிட்டது. அதற்குப் பிறகு டைமண்ட் ஃபினெஸ் எடுத்திருந்தாலும் கிழக்கு குயினால் எடுத்து ஸ்பேடைத் திருப்பியிருப்பார், மேற்கு மிச்ச நாலையும் வரிசையாக எடுத்திருப்பார்.

டம்மி மேசையில் விரிந்ததும் முதலில் எண்ண வேண்டும். ஸ்பேடில் 1, ஹார்ட்டில் 3, டைமண்டில் 2, கிளப்பில் 1, ஆக 7 நிச்சயம். தேவை 9. மீதி இரண்டு டைமண்டிலிருந்தும் வரலாம், கிளப்பிலிருந்தும் வரலாம். இதுவரை எல்லோரும் எண்ணிவிடுகிறார்கள். அடுத்த கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை: ஃபினெஸ் தோற்றால் ஆட்டம் யார் கைக்குப் போகும்?

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேர் கூடி ஆடுகிறோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்றவர். அந்தக் காலத்தில் துரைமார் கிளப்பில் மேசைக்கு ஓர் ஆள் குறைந்தால் இவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்களாம், அப்படிப் பழகிய ஆட்டம். டம்மி விரிந்த உடனே யாராவது சீட்டைத் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. "யாரு கைக்குப் போனா நமக்கு ஆபத்து? அத மொதல்ல சொல்லு, அப்புறம் சீட்ட தொடு" என்பார். பிரிட்ஜில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கேள்வியை இந்தக் கையிடம் கேட்டுப் பாருங்கள். கிங்கை இறக்கிய மேற்கிடம்தான் நீளமான ஸ்பேட் இருக்க வாய்ப்பு அதிகம். கிளப் ஃபினெஸ் தோற்றால் ஆட்டம் மேற்குக்குப் போகும். டைமண்ட் ஜாக்கை உங்கள் கையிலிருந்து ஓடவிட்டுத் தோற்றால் கிழக்குக்குப் போகும். ஆகவே கிழக்கிடம் ஸ்பேட் தீர்ந்திருந்தால் டைமண்ட் ஃபினெஸ் தோற்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். கிழக்கின் ஸ்பேடைத் தீர்ப்பதற்குத்தான் ஏஸைப் பிடித்து வைக்க வேண்டும்.

எத்தனை முறை விட்டுக்கொடுப்பது? 7-இலிருந்து, அந்த ஜாதியில் உங்களுக்கும் டம்மிக்கும் சேர்த்து உள்ள சீட்டைக் கழியுங்கள். இங்கே ஸ்பேட் மொத்தம் 5, ஆகவே இரண்டு முறை. கிங்கை விடுங்கள், குயினையும் விடுங்கள், ஜாக்கை ஏஸால் எடுங்கள். அந்த மூன்றாவது சுற்றில் டம்மியிடம் ஸ்பேட் இருக்காது. ஒரு சின்ன கிளப்பைப் போடுங்கள், டைமண்டைக் குறைத்துவிடாதீர்கள். ஒருவேளை ஸ்பேட் 4-4 என்று பிரிந்து, கிழக்கிடம் இன்னும் ஒன்று இருந்தால்? அப்போது எதிராளிகளுக்கு மூன்று ஸ்பேடும் டைமண்ட் குயினும்தான், மொத்தம் 4. உங்களுக்கு 9 வந்துவிடும். இரண்டு சுற்று முடிந்ததும் மேற்கு வேறு ஜாதிக்கு மாறினாலும் பயமில்லை. ஹார்ட் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. கிளப் ஆடினால் உங்கள் ஏஸ் குயின் ஜாக்குக்குள் அவரே வந்து விழுகிறார்.

சரி, இப்போது டைமண்ட் ஜாக். மேற்கு சின்னச் சீட்டு போட்டால் டம்மியிலிருந்தும் சின்னது. கிழக்கு குயினால் எடுப்பார். அவரிடம் ஸ்பேட் இல்லை. நன்றாக ஆடுபவராக இருந்தால் கிளப் ஆடுவார், இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏஸ் குயின் ஜாக் கையில் இருக்கும்போது கிழக்கிலிருந்து ஒரு சின்ன கிளப் வந்தால் விரல் தானாகவே குயினைத் தேடிப் போகும். போடவே கூடாது. ஏஸை வைத்து எடுங்கள். மறுபடி எண்ணிப் பாருங்கள்: ஸ்பேட் 1, ஹார்ட் 3, டைமண்ட் 4, கிளப் 1. ஒன்பது வந்தாயிற்று. குயினைப் போட்டு அது ஜெயித்தால் கூடுதலாகக் கிடைப்பது 30 புள்ளி. தோற்றால் மேற்கு கிங்கால் எடுத்து மிச்ச இரண்டு ஸ்பேடையும் ஆடிவிடுவார். வல்னரபிள் இல்லாத (பரிசும் தண்டமும் குறைவாக உள்ள) கணக்கில் 400 வர வேண்டிய இடத்தில் 100 போய்விடும். பிறகு டைமண்ட் 10-ஐ முதலில் ஆடுங்கள், அப்புறம் 5-ஐ ஏஸுக்குக் கொண்டுபோங்கள். டம்மியில் கிங்கும் 8-உம் தடையில்லாமல் கிடைக்கும். டைமண்ட் குயின் மேற்கிடம் இருந்தால் ஃபினெஸே ஜெயித்துவிடும், பேச்சே இல்லை.

இரண்டு ஃபினெஸும் பாதிக்குப் பாதி என்பது உண்மைதான். ஆனால் ஒன்று தோற்றாலும் ஆட்டம் நிற்கிறது, மற்றது தோற்றால் விழுகிறது. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எப்போதும் இப்படிப் பாதுகாப்பான பக்கம் ஒன்று கிடைக்காது. உங்கள் கையில் ஸ்பேட் ஏஸ் 6 மட்டும், கிளப் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளிகளிடம் ஒன்பது ஸ்பேட், பெரும்பாலும் 5-4 என்று பிரிந்திருக்கும். ஒரு முறைதான் விட்டுக்கொடுக்க முடியும், அதற்குள் யாருக்கும் தீராது. யார் உள்ளே வந்தாலும் ஆபத்து. அப்போது டைமண்டில் ஃபினெஸ் வேண்டாம். ஏஸையும் கிங்கையும் அடித்துப் பாருங்கள். தனியாகவோ இன்னொரு சீட்டுடனோ இருக்கும் குயின் விழுந்துவிடும், அதற்கு ஏறக்குறைய 33 விழுக்காடு வாய்ப்பு. விழுந்தால் ஜாக்கை எடுத்து, ஹார்ட் குயினில் டம்மிக்குப் போய் மிச்ச டைமண்டை ஆடுங்கள். விழாவிட்டால் நீங்கள் டம்மியில்தான் இருக்கிறீர்கள், அப்படியே கிளப் ஃபினெஸ். அது ஜெயித்தால் ஹார்ட் குயினில் திரும்ப டம்மிக்குப் போய் இன்னொரு முறை எடுக்கலாம். இரண்டு வாய்ப்பும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட வருகிறது. வரிசையை மாற்றி கிளப்பை முதலில் எடுத்துத் தோற்றால் டைமண்டை அடித்துப் பார்க்கும் நேரமே உங்களுக்குக் கிடைக்காது.