ஆறு லட்சம் கொடுக்கமுன் அந்த லோயரின் பெயரைக் கேளுங்கள்

கேள்வி: எனக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. என் கணவர் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார், என்னை ஸ்பொன்சர் பண்ணப் போகிறார். வெள்ளவத்தையில் ஒரு கந்தோரில் ஆறு லட்சம் கேட்கிறார்கள், பாதி முற்பணம். கனடாவில் தங்களுக்கு லோயர் இருக்கிறாராம், விசா நிச்சயமாம். காசு இன்னும் கொடுக்கவில்லை, ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். புதுக்கடையில் சட்டத்தரணியாக இருக்கும் எங்கள் மாமாவிடம் கொடுத்தால் மலிவாக முடியுமா?

பதில்: தங்கச்சி, முதலில் மாமாவின் கதை. சத்தியக் கடதாசி முடிக்க, கல்யாணப் பத்திரத்தில் பெயர் பிழைத்திருந்தால் திருத்த அவர் நல்ல உதவி. ஆனால் கனடாக் குடிவரவு ஃபைலில் காசு வாங்கிக்கொண்டு ஆளுக்காக நிற்க இலங்கைச் சட்டத்தரணிக்கு உரிமை இல்லை. அங்கே ஒரு மாகாணத்தின் சட்டச் சங்கத்தில் பதிந்த லோயராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்க 2021இல் தொடங்கிய "கல்லூரி" என்ற அமைப்பின் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும், கியூபெக் மாகாண நோட்டரிமாருக்கும் அந்த உரிமை உண்டு. காசு வாங்காமல் உறவினர் உதவுவது வேறு, அதில் பிழை இல்லை.

இனி அந்தக் கந்தோர். "லோயர் இருக்கிறார்" என்றால் யார், முழுப்பெயர் என்ன, எந்த மாகாணம், பதிவு இலக்கம் என்ன என்று கேளுங்கள். ஆலோசகர் என்றால் இலக்கம் ஆங்கில ஆர் (R) என்ற எழுத்தில் தொடங்கும். சட்டச் சங்கத்தின் பதிவேடும் கல்லூரியின் பதிவேடும் இணையத்தில் இலவசம், உரிமம் நடப்பில் இருக்கிறதா, இடைநிறுத்தப்பட்டதா என்றும் அதிலேயே தெரியும். பிறகு, உங்களுக்காக நிற்பவர் யார் என்று அறிவிக்கும் 5476 இலக்கப் படிவத்தில் அதே ஆளின் பெயர் வர வேண்டும், நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும். இதைக் கேட்டதும் "அதெல்லாம் தேவையில்லை, நீங்களே போட்டதாகப் போடுவோம்" என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் சித்தி மகன் ஒரு கந்தோரில் காசு கட்டினான், கையில் இருந்தது கார்பன் வைத்து எழுதிய ஒரு துண்டு ரசீது, அதில் "சேவைக் கட்டணம்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அவன் கண்ணாலும் காணாத ஒரு வங்கிக் கடிதம் உள்ளே போயிருந்தது. பொய்த் தகவல் என்று ஐந்து வருடத் தடை விழுந்தது அவனுக்கு, ஃபைலில் அந்தக் கந்தோரின் பெயரே இல்லை. யார் நிரப்பினாலும் கையெழுத்து வைத்தவர்தான் பொறுப்பு.

விசா நிச்சயம் என்று எந்த நல்ல லோயரும் சொல்லமாட்டார், முடிவு எடுப்பது அதிகாரி. உங்கள் கேஸ் நேரானது என்றால், அதாவது இரண்டு பேருக்கும் முதல் கல்யாணம், முன்பு விசா மறுப்பு இல்லை என்றால், படிவங்களை நீங்கள் இருவருமே நிரப்பலாம். லோயர் கட்டாயம் தேவைப்படுவது, உங்கள் கணவர் முன்பு அகதிக் கோரிக்கையில் குடும்ப விபரத்தை வேறு மாதிரிச் சொல்லியிருந்தால், அல்லது யாருக்காவது பொலிஸ் வழக்கு இருந்தால். அப்படி ஏதும் இருந்தால் ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் உங்கள் கணவரே ஒரு லோயரைப் பிடிப்பதுதான் சரி. அந்த மாகாணச் சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையில் கேட்டால் முப்பது நிமிடம் வரை இலவசமாகப் பேசக்கூடிய ஒரு லோயரைக் காட்டுவார்கள். கட்டணம் எவ்வளவு, அதற்குள் எதெது அடங்கும் என்று எழுத்தில் ஒப்பந்தம் வாங்கச் சொல்லுங்கள். அரசாங்கக் கட்டணத்தை உங்கள் கணவரே தன் கார்டில் நேரே கட்டட்டும்.

அப்புறம் பாஸ்போர்ட். நாளைக்கே போய் வாங்குங்கள், தனியாகப் போகாமல் மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். விண்ணப்பத்துக்குப் பிரதி போதும். அசலை கடைசியில் கனடாத் தரப்பே கேட்கும், அதுவரை அது உங்கள் அலுமாரியில் இருக்கட்டும்.