சீந்தில் குடித்ததால்தான் நோய் நின்றதா?

கேள்வி: எனக்கு வயது 34. குடியாத்தம் அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இடது கண் மங்கியது; அடுத்த ஆண்டு வலது கால் மரத்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். பதினான்கு மாதங்களாக டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். காலையில் காபியோடு அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் முகம் சிவந்து எரியும், வயிறும் வலிக்கும். என் மாமனார் சீந்தில், அமுக்கராக் கிழங்குச் சூரணம் வாங்கித் தந்து, எதிர்ப்புச் சக்தி கூடினால் நோய் தானே போய்விடும் என்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருவர் அரிசி, பால், கோதுமை, முட்டை, இறைச்சி அனைத்தையும் விட்டுக் குணமடைந்தாராம். ஐந்து வாரங்களாக நானும் அப்படியே இருக்கிறேன், மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். நான்கு கிலோ இளைத்தாலும் உடம்பு முன்பைவிட நன்றாக இருக்கிறது. வைட்டமின் டி தூள் 60,000 யூனிட் வாரம் ஒன்று வீதம் எட்டு மாதங்களாகச் சாப்பிடுகிறேன். இவற்றையே தொடரலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உணவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகும் உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள் மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைப் போர்த்திக் காக்கும் மயலின் என்ற உறையையே பகையென்று கருதித் தாக்குவதுதான் இந்த நோய். பெரும்பாலோருக்குத் தொடக்க ஆண்டுகளில் இது தாக்கும், சில வாரங்களில் தானே தணியும், மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கும், பிறகு மீண்டும் தாக்கும். நீங்கள் சாப்பிட்டுவந்த மருந்தை 2012இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் சோதித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் மறுதாக்கம் கண்டவர்கள், மருந்து பெற்ற குழுவில் 100க்கு 27 பேர்; மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற குழுவில் 46 பேர். மருந்தின் பயன் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: போலி மாத்திரை விழுங்கியவர்களில் 54 பேருக்கு இரண்டு ஆண்டுகள் எந்தத் தாக்குதலும் வரவில்லை. அந்த 54 பேரும் அக்காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்திருந்தால், நோயை நிறுத்தியது சீந்தில்தான் என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பார்கள். அவர்கள் பொய் சொல்பவர்களும் அல்லர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இந்த நோயில் நடப்பதுபோல் வேறு நோய்களில் அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. உங்கள் மாமனாருக்குத் தெரிந்தவரின் கதையையும் இந்த ஐந்து வாரத் தெம்பையும் அப்படித்தான் எடைபோட வேண்டும். மூளையில் புதிய தழும்புகள் எந்த அறிகுறியும் காட்டாமலே தோன்றுவதுண்டு என்பதால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுவது இங்கே சரியான அளவுகோல் ஆகாது. எம்.ஆர்.ஐ. படம்தான் அளவுகோல்.

அடுத்து, "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது". சளி, காய்ச்சலுக்கு இந்தப் பேச்சு பொருந்தலாம். தன் உடலையே தாக்கும் அளவுக்கு முறுக்கேறி நிற்கும் எதிர்ப்பு மண்டலத்தை மேலும் கிளறிவிடுவது, இந்த நோயில் மருத்துவர் செய்ய முயல்வதற்கு நேர் எதிரான செயல். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்திலை நாள்தோறும் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள்; அதுவும் உடல் தன் கல்லீரலையே தாக்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. அமுக்கராவாலும் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உள்ளன. அது தைராய்டு அளவுகளையும் மாற்றக்கூடியது. உங்கள் மாத்திரையே கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டு கொடுக்க வேண்டிய மருந்து. இவை ஒன்றாகச் சேர்ந்த பிறகு கல்லீரல் கெட்டால், எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. சித்த மருத்துவத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. முறைப்படி படித்த சித்த மருத்துவர் ஒருவர் உங்களை நேரில் பார்த்திருந்தால், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

வைட்டமின் டி விஷயத்தில் உண்மை சற்றுச் சிக்கலானது. பூமத்திய ரேகையை விட்டு விலகிய, வெயில் குறைந்த நாடுகளில் இந்நோய் மிகுதி. இரத்தத்தில் இந்த வைட்டமின் குறைந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். 2025இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களுக்கு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 1,00,000 யூனிட் கொடுத்தபோது, இரண்டு ஆண்டுகளில் 100க்கு சுமார் 60 பேருக்கு நோய் மீண்டும் செயல்பட்டது. போலி மருந்துக் குழுவில் சுமார் 74 பேருக்கு. பயன் இருக்கிறது என்று மகிழலாம். ஆனால் இது மட்டுமே போதும் என்று இருந்தால், 100க்கு 60 பேரை நோய் விடவில்லை என்று சொல்வதும் அதே ஆய்வுதான். மேலும் 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்நோய்க்கு வழக்கமாகப் போடும் ஊசி மருந்துடன் நாள்தோறும் 5,000 யூனிட் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, 600 யூனிட் பெற்றவர்களைவிடத் தாக்குதல் குறையவில்லை. ஆகவே குறைபாடு இருந்தால் நிரப்ப வேண்டும், கண்காணிப்பில்லாமல் குவிக்கக் கூடாது. வாரம் 60,000 யூனிட் என்பது வழக்கமாக எட்டு வாரங்களுக்கு எழுதித் தரப்படுவது. நீங்கள் அதை எட்டு மாதங்களாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். இது அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று தொல்லைகள் தொடரும். இந்த வாரமே வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் இரத்தத்தில் பரிசோதியுங்கள். முடிவு வரும்வரை தூளைத் தொடாதீர்கள்.

இனி உணவு. ராய் ஸ்வாங்க் என்ற நரம்பியல் மருத்துவர் நிறைவுற்ற கொழுப்பை மிகவும் குறைத்த உணவுமுறையைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்து, 144 பேரை 34 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டார். கட்டுப்பாட்டைக் காத்தவர்கள் நன்றாக இருந்தார்கள், மீறியவர்கள் நலிந்தார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. நோய் கடுமையாகாதவர்களால்தான் பத்தியத்தை விடாமல் காக்க முடிந்ததா, பத்தியத்தால்தான் நோய் கடுமையாகவில்லையா என்பதை அந்த ஆய்வால் பிரிக்க இயலவில்லை. அரிசி, பால், கோதுமை, முட்டை என்று அனைத்தையும் விடுவதற்கு இந்த அளவு சான்றுகூடக் கிடையாது. மாறாக, மிக இளைப்பதும் பி12 குறைவதும் உங்களுக்கு உண்மையான தீங்கு. பி12 குறைந்தாலே கால் மரக்கும், நடை தள்ளாடும். அப்போது அது பழைய நோயா, நீங்களாக வரவழைத்ததா என்று மருத்துவர் குழம்ப நேரிடும். தயிரையும் முட்டையையும் இன்றே தொடங்கிவிடுங்கள். வாரம் இருமுறை மீன் நல்லது. மீன் எண்ணெய் மாத்திரைகளை நார்வே நாட்டில் சோதித்து 2012இல் வெளியிட்டபோது நோயில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்பதால், அதற்கான பணத்தை மீனுக்கே செலவிடலாம். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் நம் வட ஆர்க்காட்டு வீடுகளில் அந்நியம் அல்ல. தாக்குதலின்போது ஸ்டீராய்டு ஊசி ஏற்றப்படுவதால் எலும்புக்குக் கால்சியம் தேவைப்படும் உங்களுக்கு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள கேழ்வரகு ஏற்றது. ஆம்பூர் பிரியாணியை எப்போதாவது சாப்பிட்டால் நோய் பெருகிவிடாது. அடிக்கடி சிறுநீர் வருகிறதென்று பள்ளியில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வழக்கம் ஆசிரியைகளிடம் உண்டு. உங்களுக்கும் அது இருந்தால் விட்டுவிடுங்கள். சிறுநீர்த் தொற்று வந்தால் பழைய அறிகுறிகள் எல்லாம் நோயே திரும்பியதுபோல் தலைகாட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, வெயில். நம் பகுதியின் சித்திரை, வைகாசி எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே மயலின் தேய்ந்த நரம்பில் செய்தி தடுமாறி, கண் மங்கும், கால் கனக்கும். ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இலேயே இதைக் கவனித்து எழுதினார். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும். புதிய சேதம் இல்லை. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் புதிய குறையே தாக்குதல். விறகடுப்போ கேஸ் அடுப்போ, சமையலை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். வெந்நீர்க் குளியல் வேண்டாம். நடைப்பயிற்சியைப் பொழுது சாய்ந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துண்டும் நீர்மோரும் கைவசம் இருக்கட்டும். இயற்கை முறை என்று தேடுபவர்களுக்கு, பயன் கண்கூடாகத் தெரியும் முறை இதுதான்.

மாத்திரைக்கு வருகிறேன். வெறும் காபியோடு விழுங்கினால் முகம் எரிவதும் வயிறு வலிப்பதும் எதிர்பார்க்கக்கூடியவையே. வயிறு நிறைய உண்ட பிறகு, அதிலும் முட்டை, அடை, மல்லாட்டை (வேர்க்கடலை) சட்னி என்று புரதமும் கொழுப்பும் உள்ள உணவுக்குப் பிறகு சாப்பிட்டால் பலருக்கு இத்தொல்லை வெகுவாகக் குறைகிறது. அப்படியும் குறையாவிட்டால் மாற்றுவதற்கு வேறு மருந்துகள் இன்று இருக்கின்றன. ஐந்து வார இடைவெளிக்குப் பிறகு நீங்களாக முழு அளவில் தொடங்க வேண்டாம்; இரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதித்த பின், மருத்துவர் குறைந்த அளவிலிருந்து தொடங்கச் சொல்லக்கூடும். இந்தியாவின் முதல் நரம்பியல் துறை 1949இல் மருத்துவர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். குடியாத்தத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இவ்வளவு வசதி இருக்கும்போது தள்ளிப்போடாதீர்கள்.

போகும்போது சூரண டப்பாக்களையும் வைட்டமின் உறைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; மருத்துவர் கடிந்துகொள்வார் என்று மறைக்க வேண்டாம். முடிந்தால் மாமனாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மீதுள்ள அக்கறையால்தான் அவர் நாட்டு மருந்துக் கடைக்கு அலைகிறார். பழைய எம்.ஆர்.ஐ. படத்தையும் புதிதாக எடுக்கும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மருத்துவர் உங்களுக்கு விளக்கும்போது அவரும் பார்க்கட்டும்.