மனத்தை வெறுமையாக்கினால் உள்ளுணர்வு பேசுமா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். மனம் வெறுமையானால் உள்ளுணர்வு தானே வழிகாட்டும் என்று பழைய சீன மெய்யியலான தாவோ நெறி சொல்வதாகக் கேள்விப்பட்டு, ஆறு மாதங்களாகத் தினமும் காலையில் கண்ணை மூடி அமர்கிறேன். எண்ணங்கள் குறையவில்லை. உள்ளுணர்வை நம்பி நான் எடுத்த இருவரும் வேலைக்குப் பொருந்தவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: வெறுமை என்றால் எண்ணமே எழாத நிலை என்று நீங்கள் பொருள்கொண்டிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. லாவோ ட்சு எழுதியதாகச் சொல்லப்படும், தாவோ நெறியின் மூலநூலான 'தாவோ தே ஜிங்'கின் 11ஆம் அத்தியாயம், முப்பது ஆரக்கால்கள் வந்து கூடும் சக்கரக் குடத்தின் நடுவிலுள்ள வெற்றிடத்தால்தான் வண்டி பயன்படுகிறது என்றும், களிமண் பாத்திரம் பயன்படுவது அதன் உள்வெளியால்தான் என்றும் சொல்கிறது. மண் இல்லாமல் அந்த உள்வெளியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் தொழிலறிவு அந்த மண்ணைப் போன்றது; அதைத் தூக்கி எறியும்படி லாவோ ட்சு கேட்கவில்லை.

அப்படியானால் எதைக் காலிசெய்வது? தாவோ நெறியின் மற்றொரு மூலநூலான 'சுவாங் ட்சு'வின் 4ஆம் அத்தியாயத்தில், கொடுங்கோல் அரசன் ஒருவனைத் திருத்தப் புறப்படும் யான் ஹுய், ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டங்களை அடுக்க, அவனுடைய ஆசான் கன்பூசியஸ் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு 'மன நோன்பு' இருக்கச் சொல்கிறார். தான் ஏழை என்றும், மது அருந்திப் பல மாதங்கள் ஆகின்றன என்றும், அது நோன்பாகாதா என்றும் அவன் கேட்கிறான். அது பலி வழிபாட்டுக்கான நோன்பு என்கிறார் ஆசான். காதால் கேளாமல் மனத்தால் கேட்கவும், பிறகு மனத்தாலும் கேளாமல் உயிர்மூச்சாகிய 'ச்சி'யால் கேட்கவும் சொல்லி, ச்சி வெறுமையாக இருந்தபடி, எதிர்வரும் எதையும் ஏற்கக் காத்திருக்கிறது என்று விளக்குகிறார். வேறொரு மரபின் ஆசானான கன்பூசியஸின் வாயிலாகவே தாவோ கருத்தைப் பேசவைப்பது நூலாசிரியர் சுவாங் ட்சுவின் குறும்பு.

உங்கள் நேர்காணல் அறைக்கு இது நேரடியாகப் பொருந்தும்; அங்கே காலிசெய்ய வேண்டியது முன்முடிவுகளைத்தான். விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயரைப் பார்த்தவுடனேயே உள்ளுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டால், அதன்பின் வந்தவர் பேசுவது காதில் விழாது. நம் எதிர்பார்ப்பின் எதிரொலிதான் விழும். அந்த இருவரைப் பற்றி உங்களுக்குத் தோன்றியது உள்ளுணர்வாக இல்லாமல், வெறும் பிடித்தமாக இருந்திருக்கலாம். அதே நூலின் 19ஆம் அத்தியாயத்தில் வரும் மரச்சிற்பி ச்சிங், மணி தாங்கும் சட்டகம் செய்வதற்கு முன் நோன்பிருந்து, மூன்று நாளில் பரிசையும் பதவியையும், ஐந்து நாளில் புகழையும் பழியையும் மறக்கிறான். அவனுடைய கைத்திறன் மட்டும் எங்கும் போய்விடவில்லை.

உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதற்கு அந்நூலின் 3ஆம் அத்தியாயத்தில் வரும் சமையற்காரர் டிங் நல்ல அளவுகோல். மூட்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் கத்தியைச் செலுத்தி மாடுகளை அறுக்கும் அவர், கண்ணால் பார்க்காமல் உள்ளத்தால் சந்திப்பதாகச் சொல்கிறார். 19 ஆண்டுகளாக, ஆயிரக்கணக்கான மாடுகளுக்குப் பிறகும் கத்தி கூர் மழுங்கவில்லை. பலரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சிக்கலான மூட்டு வரும்போது தாம் எச்சரிக்கையடைந்து, பார்வையைக் குவித்து, கையை மெதுவாக்குவதாகவும் அவரே சொல்கிறார். பழகிய வேலைக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் உணர்வுக்கு ஓரளவு மதிப்புண்டு. இதுவரை நீங்கள் நிரப்பியிராத பதவியென்றால் அதுதான் சிக்கலான மூட்டு, அங்கே கேள்விகளைக் கூட்டி, முடிவைத் தள்ளிப்போடுங்கள்.

காலையில் அமர்வதைத் தொடரலாம். எண்ணங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அதைவிட, ஒவ்வொரு நேர்காணலுக்கும் முன், இவரிடம் எதை எதிர்பார்க்கிறேன், எதற்கு அஞ்சுகிறேன் என்று இரண்டு வரி எழுதி மடித்து வையுங்கள். முடிந்தவுடன் முதலில் தோன்றியதை எழுதி, ஆறு மாதம் கழித்து அவருடைய வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது பழைய நூல்களில் உள்ள பயிற்சி அல்ல, என் யோசனை. அந்த இருவரின் நேர்காணலில் எடுத்த குறிப்புகள் கைவசம் இருந்தால், அவற்றிலிருந்தே தொடங்கலாம்.