வாசகர் கேள்விகள்: பெட்டியடியில் கிடைத்த சினிமா நோட்டீஸ்

கேள்வி: எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் அறை ஒன்றை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியின் அடியில், பழைய கணக்குத் தாள்களுக்கு நடுவே இளஞ்சிவப்பு நிறத் தமிழ் நோட்டீஸ் ஒன்று கிடைத்தது. மேல் பகுதி கிழிந்துவிட்டது. ‘எடி போலோ’ என்ற பெயர் மிகப் பெரிய எழுத்திலும், ‘சர்க்கஸ் ராஜா’ என்பது அதற்குக் கீழே சிறிய எழுத்திலும், ‘ஜூலை 14 சனிக்கிழமை முதல்’ என்பது இன்னும் கீழேயும் இருக்கின்றன. ஆண்டு இல்லை. யார் இந்த எடி போலோ? படத்தின் பெயரைவிட ஆளின் பெயரைப் பெரிதாகப் போட்டது ஏன்?
(ஒரு வாசகி, தேவகோட்டை)

பதில்: உங்கள் கையில் இருப்பது ஓர் ஊமைப்பட விளம்பரம். எடி போலோ சர்க்கஸில் வித்தை காட்டி வளர்ந்தவர். பின்னர் அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த தொடர்படங்களில் தாவுவது, குதிரையில் பாய்வது, ஒற்றை ஆளாகப் பலரை அடித்து வீழ்த்துவது ஆகியவற்றால் உலகெங்கும் பெயர் பெற்றவர். 1920-இல் வந்த ‘கிங் ஆஃப் த சர்க்கஸ்’ அவருடைய தொடர்களில் ஒன்று. உங்கள் நோட்டீஸ் சொல்லும் ‘சர்க்கஸ் ராஜா’ அதுவாகத்தான் இருக்க வேண்டும். பேச்சே இல்லாத படமாகையால் சண்டையையும் சாகசத்தையும் புரிந்துகொள்ள ஆங்கிலம் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டுக் கூடாரக் கொட்டகைகளில் அவருக்கு இருந்த செல்வாக்குக்கு அதுவே காரணம்.

பெயரைப் பெரிதாகப் போட்டதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1910-க்கு முன் அமெரிக்கப் படக் கம்பெனிகள் நடிகர்களின் பெயரைப் பொதுவாக வெளியிடுவதே இல்லை; பெயர் தெரிந்துவிட்டால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்ற நடிகையைக்கூட ரசிகர்கள் ‘பயோகிராஃப் பெண்’ என்று கம்பெனியின் பெயராலேயே அறிந்திருந்தார்கள். கார்ல் லெம்லே என்ற தயாரிப்பாளர் அவரைத் தம் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டார். அதன்பின் அந்த நடிகை டிராம் வண்டி விபத்தில் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி பரவியது. 1910 மார்ச்சில் லெம்லே, அது எதிரிகள் கட்டிவிட்ட பொய், அவர் உயிரோடு நம் படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார் என்று படத்தோடு விளம்பரம் கொடுத்தார். வதந்தியைக் கிளப்பியதே லெம்லேதான் என்பது திரைப்பட வரலாற்றாளர்கள் பலரின் முடிவு. செயின்ட் லூயி நகரத்தில் அந்த நடிகை நேரில் வந்து இறங்கியபோது கூட்டம் அலைமோதியது. படத்தை விற்பதற்கு ஆளின் பெயர் போதும் என்பதை அன்று அந்தத் தொழில் கற்றுக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பாடம் கடல் கடந்து வந்து, உங்கள் ஐயாவின் பெட்டிக்குள்ளும் ஒரு தாளாக இடம் பிடித்திருக்கிறது.

கேள்வி: 1931 கணக்குப்படி எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு என்று படித்தேன். அப்படியானால் நோட்டீஸ் அச்சிட்டு யாருக்குப் பயன்?
(கல்லூரி மாணவர், காரைக்குடி)

பதில்: நல்ல கேள்வி. நோட்டீஸ் தனியாக வரவில்லை. இருபுறமும் படத்தட்டி கட்டிய மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ தெருத்தெருவாகப் போகும். முன்னால் மேளம் ஒலிக்கும். வண்டியிலிருந்து வீசும் தாள்களைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். ஓடிப் பொறுக்கிய பிள்ளைகளில் பள்ளிக்குப் போகிறவன் ஒருவன் இருந்தால், வளவுக்குத் திரும்பி உரக்கப் படிப்பான். ஒரு தாள் ஒரு வீட்டுக்கே போதும். கொட்டகைக்குள்ளும் இதே ஏற்பாடுதான். திரையில் தோன்றும் எழுத்துகளைப் படித்துக் கதையை விளக்கிச் சொல்ல ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். 1905-இல் திருச்சியில் ரயில்வே வேலையை விட்டுவிட்டுப் படக்கருவியோடு ஊர் ஊராகப் புறப்பட்ட சாமிக்கண்ணு வின்சென்ட் போன்றவர்கள், படம் என்றால் என்னவென்றே அறியாத ஊர்களில் கூட்டம் சேர்க்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், விளம்பரம் அந்தத் தொழிலில் எத்தனை பெரிய பங்கு என்பது விளங்கும்.

தாதாசாகேப் பால்கே 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்த பிறகு சூரத் நகரத்தில் பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டும். இரண்டணாவுக்கு ஆறு மணி நேர நாடகம் பார்த்துப் பழகியவர்கள், ஒன்றரை மணி நேரப் படத்துக்கு மூன்றணா கொடுக்கத் தயங்கினார்கள். பால்கே விளம்பரத்தை மாற்றினார். 57,000 புகைப்படங்கள், இரண்டு மைல் நீளம், எல்லாம் மூன்றே அணா என்று அறிவித்தார். கதையைப் பற்றியோ நடிகரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அளந்து எண்ணிப் பார்த்துக் கொடுக்கல் வாங்கல் செய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த விளம்பரத்தின் நயம் உடனே பிடிபடும்.

எழுத்தே வேண்டாம், உருவமே போதும் என்ற வழியும் உண்டு. கோலாப்பூரின் பாபுராவ் பெயிண்டர் தாமே ஓவியர். 1920-களின் முற்பாதியில் தம் படங்களுக்குத் தாமே வண்ணச் சுவரொட்டி வரைந்தார். அமெரிக்காவில் 1915-இலேயே, தொப்பியும் கைத்தடியுமாகச் சாப்ளின் உருவத்தை அட்டையில் வெட்டி, ‘இன்று நான் இங்கே இருக்கிறேன்’ என்று எழுதிக் கொட்டகை வாசலில் நிறுத்தினார்கள். நாம் நம்முடையது என்று நினைக்கும் கட்-அவுட்டுக்கு அத்தனை வயது ஆகிறது.

கேள்வி: ஊமைப்பட நட்சத்திரம் ராஜா சாண்டோ நம் பக்கத்துக்காரர் என்று அப்பச்சி சொல்வார்கள். உண்மையா?
(ஒரு வாசகர், கண்டனூர்)

பதில்: உண்மை. அவர் புதுக்கோட்டைக்காரர். உடற்பயிற்சியில் தேர்ந்து பம்பாய்க்குப் போய், கோஹர், சுலோசனா போன்ற புகழ் பெற்ற நடிகையரோடு நடித்தார். ‘சாண்டோ’ என்பது அந்நாளில் உலகம் சுற்றிப் பலம் காட்டிய யூஜின் சாண்டோவின் பெயர். அதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டதால், சுவரொட்டியில் பெயரைப் படித்ததுமே சண்டைப் படம் என்று தெரிந்துவிடும். பின்னர் சென்னைக்குத் திரும்பி, ‘பேயும் பெண்ணும்’, ‘ராஜேஸ்வரி’ முதலிய ஊமைப்படங்களை இயக்கினார். அவர் இயக்கத்தில் நடித்த டி. பி. ராஜலட்சுமிதான் 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ பேசும் படத்தின் கதாநாயகி.

கேள்வி: பழைய சினிமா நோட்டீஸ்களை வைத்திருப்பதால் என்ன பயன்? படத்தையே பார்த்துக்கொள்ளலாமே?
(ஒரு வாசகர், கோட்டையூர்)

பதில்: பார்க்கப் படம் இல்லை என்பதுதான் துயரம். அக்காலப் பிலிம் நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. எரிந்தது போக மிஞ்சியது மக்கிப் பொடியானது. அமெரிக்க ஊமைப்படங்களில் நூற்றுக்குப் பதினான்கே முழுமையாக, அசல் வடிவில் எஞ்சியிருப்பதாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. தென்னாட்டு ஊமைப்படங்களில் 1933-இன் ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டுமே புனே ஆவணக் காப்பகத்தில் தப்பியது. தீடா பாரா என்ற நடிகை எகிப்தின் ஸ்பிங்க்ஸ் நிழலில் பிறந்தவர் என்று ஃபாக்ஸ் கம்பெனி விளம்பரம் செய்தது. உண்மையில் அவர் ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டியில் பிறந்தவர். 1917-இல் அவர் நடித்த ‘கிளியோபாட்ரா’வில் இன்று எஞ்சியவை சில துண்டுகளே. பொய் சொன்ன விளம்பரமும் நிழற்படங்களும் பத்திரமாக இருக்கின்றன. ஊமைப்பட வரலாற்றின் பெரும்பகுதியை இப்படிப்பட்ட தாள்களிலிருந்தே எழுத வேண்டியிருக்கிறது.

இதை உங்கள் ஊர்க்காரரே எல்லாருக்கும் முன்பாக உணர்ந்திருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பு என்று மற்றவர்கள் வீசியெறிந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைக்கச் செய்தது. நகரத்தார் வீடுகளில் பெட்டகங்களைத் திறக்கும் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் அவரை நினைக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

தேவகோட்டை வாசகிக்கு இன்னும் சில சொற்கள். அந்தத் தாளை லேமினேஷன் செய்யாதீர்கள். செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள், பசை பழுத்துக் காகிதத்தைத் தின்றுவிடும். வெயில் படாமல், தட்டையாக, அமிலமற்ற காகித உறைக்குள் வையுங்கள். ஆண்டைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஜூலை 14 சனிக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1917, 1923, 1928, 1934. தொடர் வந்ததே 1920-இல் என்பதால் முதல் ஆண்டு கழிந்தது. 1934-இல் பேசும் படம் ஊன்றிவிட்டது. எனவே 1923 அல்லது 1928 என்று கொள்ளலாம். 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, அந்நாளில் அச்சிட்ட தாளில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருந்தாக வேண்டியிருந்தது; நோட்டீஸின் அடி ஓரத்தில், மிகச் சிறிய எழுத்தில் அது இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதியனுப்புங்கள். ரங்கூனில் அச்சானதா, மதுரையிலா, காரைக்குடியிலா என்று தெரிந்துகொள்ள நானும் ஆவலோடு காத்திருக்கிறேன்.