கோலம் தெரியும் கேபினட்: வாங்கும்போதும் ஒட்டும்போதும்

கேள்வி: புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். கேபினட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியில், அம்மா வாசலில் போடும் சிக்குக் கோலம் உள்ளிருந்து வரும் வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்று ஆசை. கேபினட், அலங்காரம் இரண்டுக்கும் சேர்த்து 7,000 ரூபாய் வைத்திருக்கிறேன். எப்படிப்பட்ட கேபினட் வாங்கலாம்? கோலத்தைப் பெயிண்டில் வரைவதா, ஸ்டிக்கராக ஒட்டுவதா?
(வாசகி, மதுரை)

பதில்: ஸ்டிக்கர்தான். கண்ணாடியில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் கோட்டின் ஓரம் சுத்தமாக வராது. தப்பாகப் போனால் ஸ்டிக்கரை உரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம். கேபினட்டின் உலோகத்தைத் தொடாமல், ஸ்க்ரூ கழற்றினால் கையோடு வந்துவிடும் பாகத்தில் மட்டும் அலங்காரம் செய்கிறீர்கள் என்பது இந்த யோசனையின் பெரிய பலம். வாரண்டிச் சிக்கலும் வராது, காற்றோட்டமும் கெடாது.

கேபினட்டுக்கு 5,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள். முன்பக்கம் முழுக்க மெஷ் (காற்று போகும் வலை), கூடவே மூன்று 120 மி.மீ. ஃபேன் உள்ளதாகப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) இலவசம் என்று சொல்லித் தரும் கேபினட் வேண்டாம். உங்கள் மொத்த மெஷினும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பித்தான் ஓடப் போகிறது, அதைத் தனியாக நல்லதாக வாங்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டின் நீளத்தைவிடக் குறைந்தது 30 மி.மீ. கூடுதலாக இடம் இருக்கிறதா, சிபியூ கூலரின் உயரத்துக்கு இடம் போதுமா என்று கேபினட்டின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி விஷயத்தில் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, டெம்பர்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியா, அக்ரிலிக் பிளாஸ்டிக்கா என்பது. அக்ரிலிக் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், அதனால் கண்ணாடியே வாங்குங்கள். இரண்டாவது, அது எப்படி மாட்டப்பட்டிருக்கிறது. சில மாடல்களில் நான்கு மூலையிலும் துளையிட்டு ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். உங்களுக்குத் துளை இல்லாமல், பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றினால் இழுத்தோ திறந்தோ எடுக்கக்கூடியது வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை அச்சிடப்பட்டிருந்தால் அதை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் தெளிவான பரப்பை மட்டும் அளந்துகொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும் பையில் அளக்கும் டேப் ஒன்று இருக்கட்டும்.

மூன்றாவது, நிறம். புகை நிறக் கண்ணாடி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கடையிலேயே போன் டார்ச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் உங்கள் கோலமும் அப்படித்தான் தெரியும்.

இனி கோலம். வெள்ளை ஸ்டிக்கரைக் கோடாக வெட்டி ஒட்டினால் பகலில் வாசல் கோலம் போலவே இருக்கும். இரவில் உள்ளே விளக்கு எரிந்ததும் அதே கோடு கறுப்பு நிழலாகிவிடும், ஏனென்றால் ஸ்டிக்கர் வெளிச்சத்தை மறைக்கிறது. நீங்கள் கேட்பது அதற்கு நேர்மாறானது. கண்ணாடி முழுக்கக் கறுப்பு வினைல் (பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாள்) ஒட்டி, அதில் கோலத்தின் கோடும் புள்ளியும் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். "கோடு போகணும், மீதி இருக்கணும்" என்று ஸ்டிக்கர் கடையில் தெளிவாகச் சொல்லுங்கள்.

சிக்குக் கோலத்தில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோடு வளைந்து வளைந்து வந்து ஒவ்வொரு புள்ளியையும் சூழ்ந்துகொள்கிறது. கோட்டை வெட்டி எடுத்ததும், சூழப்பட்ட ஒவ்வொரு துண்டும் எதோடும் ஒட்டாத தனித் தீவாக நிற்கும். 7 புள்ளி 7 வரிசைக் கோலத்தில் புள்ளிக்கு ஒன்றாக 49 தீவுகள், புள்ளிகளுக்கு நடுவே விழும் இடைவெளித் துண்டுகள் வேறு. இவற்றை ஒவ்வொன்றாக ஒட்ட முடியாது. கடையிலேயே ஸ்டிக்கரின் மேல் டிரான்ஸ்ஃபர் டேப் (ஒட்டி முடித்ததும் உரித்துவிடும் தாள்) ஒட்டி, எல்லாத் தீவும் இருந்த இடத்திலேயே நிற்கும்படி ஒரே தாளாக வாங்கி வர வேண்டும்.

வடிவத்தையும் நீங்களே தயார் செய்துகொண்டு போவது நல்லது. வாசல் கோலத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் மாவின் சிதறலையும் கோடாக எடுத்துக்கொண்டு ஓரத்தைப் பல்லுப் பல்லாக்கிவிடும். போட்டோவை அடியில் வைத்து, கோரல் டிரா, இங்க்ஸ்கேப் போன்ற வரையும் மென்பொருளில் நடுக்கோட்டை மட்டும் வளைவாக வரையுங்கள். 350 மி.மீ. சதுரத்துக்கு 7 புள்ளி என்றால் புள்ளிக்குப் புள்ளி 50 மி.மீ. வரும். கோட்டுக்கு 5 மி.மீ. தடிமன், புள்ளிக்கு 8 மி.மீ. விட்டம் கொடுங்கள். பிறகு கோட்டை உருவமாக மாற்றி, ஒன்றையொன்று வெட்டும் இடங்களை எல்லாம் வெல்டு செய்து ஒன்றாக்குங்கள். இதை மறந்தால் பிளாட்டர் (ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்) ஒவ்வொரு சந்திப்பிலும் குறுக்கே வெட்டும். பிரிக்கும்போது அங்கெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள் தங்கிவிடும், அவற்றை ஊசியால் குத்தி எடுப்பதற்குள் தீவுகள் நகர்ந்துவிடும்.

ஸ்டிக்கரைக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒட்டுங்கள். பல வினைல்களுக்குப் பசைப் பக்கம் சாம்பல் நிறமாக இருக்கும். உள்ளே ஒட்டினால் வெளியே தெரிவது அந்தச் சாம்பல்தான். உள்பக்கத்தில் ஃப்ராஸ்டட் (பனி படிந்தது போன்ற மங்கலான) ஸ்டிக்கரை முழுசாக ஒட்டிவிடுங்கள். அது இல்லாவிட்டால் கோட்டின் வழியாக ஒயரும் கேபிளும் எட்டிப் பார்க்கும், எல்இடி தனித்தனிப் பொட்டாகத் தெரியும். இரண்டு ஸ்டிக்கரையும் சட்டத்துக்குள் போகும் ஓரத்திலிருந்து 2 மி.மீ. குறைத்தே வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கழற்றி மாட்டும்போது ஓரம் சுருண்டுகொள்ளும்.

ஒட்டும்போது கண்ணாடியைக் கட்டிலில் போர்வை விரித்துப் படுக்க வையுங்கள். டைல்ஸ் தரையில் நிற்க வைக்கவே கூடாது. டெம்பர்டு கண்ணாடிக்கு நடுப்பகுதி வலுவானது, மூலை பலவீனமானது. டைல்ஸில் மூலை லேசாகத் தட்டினாலும் மொத்தமும் மணி மணியாக உதிர்ந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கண்ணாடியில் தெளித்து, ஸ்டிக்கரை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியால் (ரப்பர் விளிம்புள்ள தட்டையான கருவி) தண்ணீரைத் தள்ளுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் காயவிட்டு, டிரான்ஸ்ஃபர் டேப்பை மேல்நோக்கி இழுக்காமல் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து மெதுவாக உரியுங்கள். ஒரு தீவு டேப்போடு கிளம்பினால் நிறுத்தி, டேப்பைத் திரும்பப் படியவைத்து அழுத்தி, இன்னும் அரை மணி நேரம் பொறுங்கள்.

கேள்வி: கேபினட்டின் தகரப் பக்கத்துக்கு ஸ்ப்ரே கேனில் மயில் நீலம் அடித்தேன். ஒரே மாதத்தில் நகம் பட்டாலே உரிகிறது, சில இடங்களில் தோல் போலச் சுருங்கிவிட்டது. பெயிண்ட் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாமா?
(வாசகர், கடலூர்)

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளமும் அடித்த முறையைத்தான் காட்டுகின்றன, கேனில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. உரிவதற்குக் காரணம், கம்பெனி பூச்சின் வழவழப்பைப் போக்காமல் மேலேயே அடித்தது. சுருங்குவதற்குக் காரணம், கீழ் அடுக்கு பாதி காய்ந்திருக்கும்போது அடுத்த கோட் போனது. புதுப் பெயிண்டில் உள்ள கரைப்பான் கீழே இறங்கி அதை ஊறவைத்துத் தூக்கிவிடுகிறது. எவ்வளவு நேரத்துக்குள், அல்லது எவ்வளவு நேரத்துக்குப் பிறகு அடுத்த கோட் அடிக்கலாம் என்று கேனிலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டி அடித்திருந்தால் புகார் நிற்காது. வாங்கும்போதே காலாவதியாகியிருந்தாலோ, உள்ளே இருப்பது லேபிளில் சொன்ன பொருளாக இல்லாவிட்டாலோ கேட்கலாம். பில்லையும் காலி கேனையும் வைத்திருங்கள்.

மறுபடி செய்யுங்கள். சுருங்கிய பூச்சை முழுசாக எடுத்துவிட்டு, 320 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு, எங்கும் பளபளப்பே இல்லாமல் மங்கும்வரை தேயுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு வெறும் கை படக் கூடாது. பிரைமர் மெல்லிசாக இரண்டு கோட், காய்ந்ததும் 600 நம்பரில் ஒரு தடவல், பிறகு நிறம் மூன்று நான்கு மெல்லிய கோட். கேனை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, தகட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போன பிறகே அழுத்துவதை நிறுத்துங்கள். ஒரு பக்கத் தகடு ஏறக்குறைய 0.2 சதுர மீட்டர்தான். இரண்டு தகட்டுக்குப் பிரைமர், நிறம், கிளியர் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) என ஒவ்வொன்றிலும் 400 மி.லி. கேன் ஒன்று போதும். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு வாரம் தனியாக வைத்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.

கடலூரில் மழை ஈரம் நிறைந்த நாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்தது போல் ஆகிவிடும்.

கேள்வி: கேபினட்டுக்குள் ஒட்ட எல்இடி ஸ்ட்ரிப் வாங்கினேன். மதர்போர்டில் மாட்டிய ஒரு நொடியில் எரிந்து அணைந்தது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர்.
(வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் ஸ்ட்ரிப்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 5வி, டி, ஜி என்று மூன்று புள்ளி இருந்தால் அது 5 வோல்ட் ஏஆர்ஜிபி (ஒவ்வொரு எல்இடியும் தனி நிறம் காட்டும் ரகம்). 12வி, ஜி, ஆர், பி என்று நான்கு இருந்தால் 12 வோல்ட் ஆர்ஜிபி (எல்லா எல்இடியும் ஒரே நிறம் காட்டும் ரகம்). மதர்போர்டிலும் இரண்டு இடம் வேறு வேறு: 5 வோல்ட்டுக்கு நான்கு பின் இடத்தில் ஒன்று காலியாக மூன்று பின், 12 வோல்ட்டுக்கு முழு நான்கு பின். 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12 வோல்ட்டில் கொடுத்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். கனெக்டர் சரியாக இருந்தால் தப்பாக மாட்டவே முடியாது. தனித்தனி ஒயராகப் பிரிந்த கனெக்டரோ அடாப்டர் ஒயரோ கொடுத்திருந்தால் இந்தத் தப்பு எளிதாக நடக்கும்.

நீங்கள் மாற்றி மாட்டியிருந்தால் அது கடையின் பொறுப்பில்லை. 5 வோல்ட் கேட்டு வேறொன்றைக் கொடுத்திருந்தாலோ, சரியான இடத்தில் மாட்டியும் எரிந்திருந்தாலோ பில்லில் உள்ள அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அடுத்தபடி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

அடுத்த ஸ்ட்ரிப் வாங்கும்போது எல்இடிகளை எண்ணுங்கள். 5 வோல்ட் ரகத்தில் ஒரு எல்இடி முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். பெரும்பாலான மதர்போர்டுகளில் அந்த இடத்துக்கு 3 ஆம்பியர்தான் வரம்பு, அதாவது 50 எல்இடி. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப் ஒரு மீட்டரே 3.6 ஆம்பியர் ஆகிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சாட்டா கேபிளில் மின்சாரம் எடுக்கும் கன்ட்ரோலர் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: கேபினட்டை மொத்தமாகப் பிரித்து, லேத் பட்டறைப் பக்கம் பவுடர் கோட்டிங் கொடுத்து வாங்கினேன். இப்போது பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் சுரீர் என்கிறது.
(வாசகர், கோவை)

பதில்: இன்றே பிளக்கைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருந்தால் சுரீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் கசியும் சிறிய மின்சாரம் எர்த்தில் இறங்க வேண்டும். இறங்க வழியில்லாதபோது அது கேபினட்டில் நிற்கிறது. பிளக் பாயின்ட்டில் மூன்றாவது துளைக்கு ஒயர் உண்மையிலேயே வந்திருக்கிறதா, பவர் கேபிளின் மூன்றாவது பின் ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கோட்டிங்குக்கும் இதில் பங்கு இருக்கலாம். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி அடுப்பில் சுட்டுப் படியவைக்கும் பூச்சு) மின்சாரத்தைக் கடத்தாது. எஸ்எம்பிஎஸ் உட்காரும் இடத்திலும், மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் இறங்கும் துளைகளிலும் அது மூடியிருந்தால் தகட்டுக்கும் எர்த்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். அந்த இடங்களில் மட்டும் அரத்தால் உலோகம் தெரியச் சுரண்டிவிட்டு, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள். சுரண்டும்போது மதர்போர்டு உள்ளே இருக்கவே கூடாது. ஒரு தூசி உலோகத்தூள் போதும் ஷார்ட் ஆக. இனி கொடுப்பவர்கள் ஸ்க்ரூ துளைகளையும் இந்த இடங்களையும் அடைத்துத் தரச் சொல்லிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பட்டன், ரப்பர் கால், தூசி ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூடாகும்.

கேள்வி: முன்பக்க மெஷ்ஷை மறைத்து, என் அணியின் சின்னம் வெட்டிய 3 மி.மீ. அக்ரிலிக் பலகை மாட்டினேன். அன்றிலிருந்து கேம் ஆடும்போது ஃபேன் அலறுகிறது.
(வாசகர், திருச்சி)

பதில்: பலகையைக் கழற்றிவிட்டு அதே கேமை அரை மணி நேரம் ஆடி, கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிவிட்டு மறுபடி அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பலகையை எடுத்துவிட வேண்டியதில்லை. 25 மி.மீ. நீள ஸ்பேசர்களில் (இடைவெளி விடும் சிறு தூண்கள்) மெஷ்ஷை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். அதிலும் சூடு குறையவில்லையென்றால் ஃபேன்களுக்கு நேரே பலகையில் வட்டம் வெட்டி எடுங்கள். 120 மி.மீ. ஃபேனுக்கு 114 மி.மீ. விட்டம். வெட்டுவது லேசர் கடையாக இருக்கட்டும், வீட்டு டிரில்லில் அக்ரிலிக் விரிசல் விடும். துடைக்கத் தின்னரோ ஸ்பிரிட்டோ வேண்டாம், வெட்டிய ஓரத்திலிருந்து மயிரிழை விரிசல்கள் கிளம்பும்.