ஆங்கிலச் சொற்கள் ஏன் மறந்துபோகின்றன? குடும்பமாகப் படித்துப் பாருங்கள்

கேள்வி: போட்டித் தேர்வுக்காக ஆங்கிலம் படிக்கிறேன். தினமும் இருபது புதுச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரே பொருள் தரும் சொற்கள், எதிர்ச்சொற்கள் என்று பட்டியலாகவும் படிக்கிறேன். ஒரு வாரம் போனால் எல்லாம் குழம்பிவிடுகிறது. வேர்ச்சொற்களைப் படித்தால் போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உங்கள் நினைவாற்றலில் குறை ஒன்றும் இல்லை. குழப்பம் அந்தப் பட்டியலிலிருந்தே வருகிறது. நெருங்கிய பொருளுள்ள புதுச் சொற்களை ஒரே நாளில் சேர்த்துப் படித்தால் ஒன்றை நினைக்கும்போது இன்னொன்று குறுக்கே வரும். 1990களில் மொழி கற்றலை ஆராய்ந்த தாமஸ் டிங்கம், ராப் வாரிங் இருவரும் இதைத் தனித்தனியே சோதித்தார்கள். தொடர்பில்லாத சொற்களைவிட, பொருளால் தொடர்புள்ள சொற்களை ஒன்றாகக் கற்கத்தான் அதிக முயற்சி தேவைப்பட்டது. எதிர்ச்சொற்களிலும் இதே சிக்கல்தான். பள்ளியில் ‘கான்கேவ்’, ‘கான்வெக்ஸ்’ இரண்டையும் ஒரே பாடத்தில் படித்த பலர், எது குழிந்தது எது புடைத்தது என்று இன்றும் தடுமாறுகிறார்கள்.

ஆகவே ஒரு சொல் கைக்கு வந்த பிறகுதான் அதன் இணைச்சொல்லையோ எதிர்ச்சொல்லையோ பக்கத்தில் கொண்டுவர வேண்டும். ஒல்லி என்னும் பொருளுள்ள ஆங்கில ‘தின்’ நன்றாகத் தெரிந்தவருக்கு ‘ஸ்லிம்’ என்பது பாராட்டு, ‘ஸ்கின்னி’ என்பதில் குறை சொல்லும் தொனி உண்டு என்று காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார். மூன்றும் புதிது என்றால் மூன்றும் ‘ஒல்லி’ என்றே மனதில் தங்கும்.

சரி, அப்படியானால் எதைச் சேர்த்துப் படிக்கலாம்? ஒரே சொல்லிலிருந்து பிறந்தவற்றை. தமிழில் ‘நட’ தெரிந்தவருக்கு நடை, நடப்பு, நடத்தை, நடத்துநர் எதுவும் அந்நியமாகத் தெரியாது. ஆங்கிலத்திலும் அதே வசதி இருக்கிறது. ‘டிசைட்’ என்றால் முடிவெடு என்பது உங்களுக்குத் தெரியும். ‘டிசிஷன்’ முடிவு. ‘டிசைசிவ்’ என்பது தயங்காமல் முடிவெடுக்கும் குணம், அல்லது முடிவைத் தீர்மானித்த ஒன்று. இப்போது கவனியுங்கள்: ‘அன்டிசைடட்’ என்றால் இந்த விஷயத்தில் இன்னும் முடிவெடுக்காதவர்; ‘இன்டிசைசிவ்’ என்றால் எதிலுமே முடிவெடுக்கத் திணறுபவர். முன்னதைச் சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள், பின்னதைச் சொன்னால் வருத்தப்படுவார்கள். தனித்தனிப் பட்டியலில் படித்தால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதே கடினம். குடும்பமாக வைத்துப் பார்த்தால் தானாகத் தெரியும்.

சொற்களஞ்சிய ஆய்வில் பெரிய பெயரான நியூசிலாந்தின் பால் நேஷன் சொற்களைக் குடும்பங்களாகத்தான் எண்ணுகிறார். நாவல்களையும் நாளிதழ்களையும் பிறர் உதவியின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று 2006இல் கணக்கிட்டார். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அடிக்கடி வரும் முதல் 2,000 குடும்பங்களை நீங்கள் பெரும்பாலும் அறிந்திருப்பீர்கள். அதற்கு மேல், கல்வி நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 குடும்பங்களை அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்திருக்கிறார். தேர்வுக்குப் படிப்பவர் அடுத்துத் தொட வேண்டியது அதைத்தான். அகராதியை அகர வரிசையில் புரட்டுவது வீண் உழைப்பு.

முன்னொட்டுகளில் பலரைக் குழப்புவது எதிர்மறையாக்கும் ‘இன்’. ‘பாசிபிள்’ முன்னால் அது ‘இம்’ ஆகிறது, ‘லீகல்’ முன்னால் ‘இல்’, ‘ரெகுலர்’ முன்னால் ‘இர்’. நான்கு முன்னொட்டுகள் என்று நினைத்து மனப்பாடம் செய்கிறார்கள். ஒன்றுதான். ‘மரம்’ உடன் ‘கள்’ சேர்ந்து ‘மரங்கள்’ ஆவதுபோல, அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப அது மாறுகிறது. ‘அன்’ அப்படி மாறாது.

ஆனால் ‘இன்’ எப்போதும் எதிர்மறை என்று நம்பிவிடாதீர்கள். ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. அந்த ‘இன்’ எதிர்மறை அல்ல, ‘உள்ளே’ என்னும் பொருளில் லத்தீனிலிருந்து வந்தது. தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்து என்பதால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுகிறார்கள்.

பின்னொட்டைக் கொண்டு நீங்களாகவே சொல் படைக்கும்போதும் நிதானம் வேண்டும். ‘டீச்’ செய்பவர் ‘டீச்சர்’. அப்படியானால் ‘குக்’ செய்பவர்? அவரும் ‘குக்’தான், ‘குக்கர்’ என்பது பாத்திரம். ‘ஸ்டீல்’ (திருடு) செய்பவர் ‘ஸ்டீலர்’ என்று விதி சொல்லும், ஆனால் அந்த இடத்தில் ‘தீஃப்’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. விதி ஊகிக்கத்தான், எழுதுவதற்கு முன் அகராதியைப் பாருங்கள். உச்சரிப்பையும் அங்கேயே கேட்டுவிடுங்கள், ஏனெனில் பின்னொட்டு சேர்ந்தால் சில சொற்களில் அழுத்திச் சொல்லும் இடம் மாறும். ‘ஃபோட்டோகிராஃப்’ சொல்பவர் ‘ஃபடாக்ரஃபர்’ (புகைப்படக்காரர்) என்று கேட்டால் வேறு சொல் என்றே நினைத்துவிடுகிறார்.

வேர்ச்சொல் பற்றிக் கேட்டீர்கள். பயன் உண்டு, ஆனால் நினைவில் நிறுத்துவதற்கு. பொருளைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல. லத்தீனில் ‘ஸ்பெக்ட்’ என்பது பார்வையைக் குறிக்கும். ‘இன்ஸ்பெக்ட்’ உள்ளே பார்த்தல், ‘ஸ்பெக்டேட்டர்’ பார்வையாளர். இதுவரை சரி. ‘ரெஸ்பெக்ட்’ திரும்பிப் பார்த்தல், ‘சஸ்பெக்ட்’ கீழிருந்து பார்த்தல். இவற்றிலிருந்து மதிப்பையும் சந்தேகத்தையும் யாரால் ஊகிக்க முடியும்? பொருள் தெரிந்த பிறகு வேரைப் பார்த்தால் ‘அட, அதனால்தானா’ என்று மனதில் பதியும். ‘போர்ட்’ (சுமத்தல்), ‘டிக்ட்’ (சொல்லுதல்), ‘ஸ்கிரிப்ட்’ (எழுதுதல்), ‘ரப்ட்’ (உடைத்தல்) போலப் பத்துப் பதினைந்து வேர்கள் போதும். நூறு வேர்களை மனப்பாடம் செய்தால் அதுவும் இன்னொரு பட்டியலாகிவிடும்.

குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படிக்கும்போது எதிர்ப்பட்ட சொல்லை அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். அதன் உறவுகள் பின்னால் கிடைக்கும்போது அதே பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதையும் குறியுங்கள்: முடிவை ஆங்கிலத்தில் ‘மேக்’ செய்வார்கள், ‘டூ’ செய்ய மாட்டார்கள். நாளுக்கு நான்கைந்து குடும்பங்கள் போதும், ஆனால் மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் பொருளை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், உங்களிடம் இருக்கும் இணைச்சொல் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். தேர்வில் அந்தக் கேள்விகள் வரத்தான் போகின்றன. அதைப் பாடமாக வைத்துக்கொள்ளாமல் சோதனைத்தாளாகப் பயன்படுத்துங்கள்: தெரிந்தவற்றை அடித்துவிட்டு, மிஞ்சியவற்றில் ஒரே பொருளுள்ள ஒரு கூட்டத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் குறிப்பேட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதே கூட்டத்தின் அடுத்த சொல்லை ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள்.